சாம்பாரில் பல்லியைப் போட்டவள்

பல்லியைப் போட்டவள் நான்தான். செத்த பல்லி... சத்துணவுச் சாம்பாரில், என் கையால்.

வாசிக்கும் நீங்கள் முகம் சுளிக்கலாம். சுளியுங்கள். பதினெட்டு ஆண்டுகளாக ஒருவர்கூட என்னைப் பார்த்து முகம் சுளித்ததில்லை!

வாடிப்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன்; ஊரில் எல்லோருக்கும் நான் ‘டீச்சர்’. அங்கே ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வரிசை; காலனிப் பிள்ளைகளுக்குத் தள்ளி இன்னொரு வரிசை. யாரும் எழுதி வைக்காத சட்டம். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அது உடைந்தது. புதிதாக வந்த தலைமையாசிரியர் எல்லோரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தார். அதே மாதம் காலனியைச் சேர்ந்த செல்வராணி சமையலராக வந்தாள்.

முதலில் ஊர்ப் பிள்ளைகள் தட்டைத் தொடவில்லை. வீட்டிலிருந்து தூக்குச்சட்டி வந்தது. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இவள் எத்தனை நாள் தாங்குவாள்?

ஆனால் அவள் சமைத்தாள்... அப்படிச் சமைத்தாள்! தாளிக்கும் வாசம் வகுப்பறை வரை போனது. இரண்டாம் மாதம் பாதிப் பிள்ளைகள் தட்டோடு வந்துவிட்டார்கள். தாய்மார்களும் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். ஊர் மாறிக்கொண்டிருந்தது. நிஜமாகவே மாறிக்கொண்டிருந்தது.

அங்கேயே படித்த என் மகன் ஒருநாள் சொன்னான்: “அம்மா, நீ வைக்கிற சாம்பார விட அந்த அத்தை வைக்கிறதுதான் நல்லாருக்கு.”

அத்தை!

அவன் கன்னத்தில் அறைந்தேன். என்னைச் சுட்டது எது? சாம்பாரா, அந்தச் சொல்லா?

மூன்றாம் நாள் தலைமையாசிரியர் ஏதோ கூட்டத்துக்குத் தல்லாகுளம் போயிருந்தார். மகனைக் காய்ச்சல் என்று வீட்டில் நிறுத்தினேன். கவனியுங்கள், என் பிள்ளையை மட்டும்! அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடந்த பல்லியைக் காகிதத்தில் எடுத்தேன். செல்வராணி தண்ணீர் பிடிக்கப் போனதும் மூடியைத் திறந்து போட்டேன். பிள்ளைகள் வரிசையாய் அமர்ந்தபின் கரண்டியை விட்டுக் கிளறி, நானே அலறினேன்.

ஊர் கூடியது. “அம்புட்டுப் பிள்ளைகளையும் கொல்லப் பாத்தியாடி?”

செல்வராணி என்னிடம் ஓடிவந்தாள். “டீச்சர், நீங்களும் இங்கனதான இருந்தீக. நான் மூடி வச்சுட்டுத்தான போனேன்... சொல்லுங்க டீச்சர்!”

“எனக்கென்ன தெரியும்? சமைச்சவ நீ.”

“அப்ப நீயே குடி” என்றார் கூட்டத்தில் ஒருவர். யாரும் தடுக்கவில்லை.

நான்தான் மொண்டு அவள் தட்டில் ஊற்றினேன். ஆம், நானே! ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு அவள் மகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வராணி குடித்தாள். மகள் பக்கம் திரும்பாமல், கடைசிச் சொட்டுவரை. சிலர் சிரித்தார்கள். நானும்...

அறிக்கையில் ‘சமையலரின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். தலைமையாசிரியருக்கு இடமாற்றம் வந்தது. வரிசைகள் மறுபடி இரண்டாயின.

இப்போது கே.கே. நகரில் மகனோடு இருக்கிறேன். சென்ற மாதம் பேருந்தேறி அவள் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அவள் அழவில்லை.

“எனக்கு அன்னைக்கே தெரியும் டீச்சர். எம் மகதான் நம்பல. ஆத்தா கை சுத்தமில்லன்னு அதுக்கப்புறம் நான் ஆக்குன சோத்த அவ தொடவே இல்ல. பள்ளிக்கூடத்துக்கும் போகல. என்கிட்டச் சொல்லி என்ன? ஊரக் கூட்டி மந்தைப் பொட்டல்ல சொல்லுங்க. அவளும் வந்து நின்னு கேக்கட்டும்.”

“பாக்குறேன் செல்வராணி” என்று எழுந்தேன்.

“இன்னும் எம்புட்டு நாளைக்குப் பாப்பீக?”

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

என் மகனுக்கு அந்த ஊரில்தான் பெண் பேசி முடித்திருக்கிறோம். தையில் திருமணம். சம்பந்தி வீட்டார் நிற்கும் மந்தையில் நான் எப்படி வாய் திறப்பேன்?

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நான் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அந்த ஊரின் பெயரையும் நான் எழுதவில்லை... எழுதப்போவதும் இல்லை.