கேதீஸ்வரியின் பேரில் ஓர் ஓட்டோ

நல்லரத்தினம் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியவரல்ல. அவர் சந்தைக்குள் வருவதைக் கண்டால் மீன்காரர்கள் அவசரமாக விலையைக் கூட்டிவைப்பார்கள். குறைக்கச் சொல்லி நிற்கப்போகிறவருக்குக் குறைப்பதற்கு ஏதாவது வேண்டுமே.

கடற்கரையோர நாவலடியில் இருந்து ஓட்டோ ஓட்டினார். அதற்கும் ஆக மலிவான காப்புறுதிதான். மூன்றாம் ஆளுக்குச் சேதம் வந்தால் மட்டும் கொடுப்பார்கள். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் மனைவி கேதீஸ்வரியும் அவளுடைய தமக்கையைப் பார்க்க மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். பெற்றோல் மிச்சம் என்று பஸ்ஸில் போனார்கள். திரும்பி வர ஊர் இல்லை. அக்கம்பக்கத்தில் பலர் இல்லை. ஓட்டோ ஒரு பனையடியில் தலைகீழாகக் கிடந்தது.

சில மாதம் கழித்து, அகதி முகாமில் இருந்து காப்புறுதிக் கந்தோருக்குப் போனார்.

"கடல்தான் வந்து அடிச்சது. கடல் மூண்டாம் ஆள்தானே?" என்று கேட்டார்.

மேசையில் இருந்தவருக்கும் வீடு போயிருந்தது. "நீங்க கடலுக்குச் சேதம் செய்திருந்தா, கடலுக்குக் குடுத்திருப்பம் அண்ணன்" என்றார்.

அதன் பிறகு திராய்மடுவில் வீடு கிடைத்தது. பழைய ஓட்டோ ஒன்றை வாங்கி, முழுக் காப்புறுதியே போட்டார். ஆனால் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அவருக்கு நெஞ்சு எரியும். யுத்தம் முடிந்த அடுத்த வருசம் வழி பிறந்தது. பாதைகள் திறந்ததும், கொழும்புக் கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டணத்தில் கிளை போட்டன. நல்லரத்தினம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினார். ஒரு கம்பனி சொன்ன விலையை அடுத்த கம்பனியில் போய்ச் சொன்னார். அவர்கள் குறைத்ததை முதல் கம்பனிக்குக் கொண்டுவந்தார். எல்லா இடத்திலும் குளிரூட்டிக்குக் கீழே இருந்து தேத்தண்ணி குடித்தார். கம்பனிகள் கொடுத்த கலண்டர்களை மாட்ட வீட்டுச் சுவரில் இடமில்லாமல் போயிற்று.

கடைசியில் ஏறாவூர் அஸ்கர் என்ற முகவர் அகப்பட்டான். "அண்ணன், இதுக்குக் கீழ ஒருத்தரும் வர ஏலா. ஆனா எங்கட கம்பனியில பொம்பிளையளுக்கு விசேச கழிவு இரிக்கி. வாகனமும் லைசன்ஸும் அக்காட பேரில இருந்தா நல்லாக் குறையும்."

நல்லரத்தினம் அன்றே முடிவெடுத்தார். பெயர் மாற்ற, அரசாங்கக் கந்தோரான கச்சேரிக்கு நாலு தரம் அலைந்தார். அந்தச் செலவு கழிவை விடக் கூட என்று கேதீஸ்வரி சொன்னாள்.

"அது ஒருக்காச் செலவு புள்ள. கழிவு வருசா வருசம் வரும்."

"சரி. அப்ப எனக்கு ஓடப் பழக்குங்க."

"பேருக்குத்தானே லைசன்ஸ்?"

"என்ட பேருக்கு."

ஒரு கிழமை திராய்மடு மணலில் பழக்கினார். அவள் கெட்டிக்காரி, முன்னுக்கு நன்றாக ஓடினாள். பின்னுக்கு எடுப்பதை நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். அதற்குள் ஒருநாள், எல் போர்ட்டோடு, அவரைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு கல்லடிப் பாலத்தில் ஏறிவிட்டாள். பழைய இரும்புப் பாலம். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம். பட்டணப் பக்கத்தின் முறை முடிந்ததை அவள் கவனிக்கவில்லை. நடுப்பாலத்தில் எதிரே கல்முனையிலிருந்து வந்த பஸ். அதன் பின்னால் உழவு மெசின், அதற்குப் பின்னால் ஐஸ் லொறி.

பஸ் சாரதி கோர்ன் அடித்தார். கேதீஸ்வரி தலையை வெளியே நீட்டினாள்.

"தம்பி, எனக்கு றிவேர்ஸ் வராது. உங்களுக்கு வரும்தானே? நீங்க போங்க."

"என்னக்கா சொல்றீங்க! இவ்வளவு பேரும் எங்க போற?"

"பின்னுக்கு."

நல்லரத்தினம் பின்சீட்டில் குனிந்து செருப்பைத் தேடுவதுபோல இருந்தார். ஐஸ் லொறி முதலில் அசைந்தது. பிறகு உழவு மெசின். கடைசியாக நடத்துநர் பின்கதவில் தொங்கித் தட்டத் தட்ட, பஸ் அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கியது. வாவியில் தோணி வலித்தவர்கள் துடுப்பை நிறுத்திப் பார்த்தார்கள். கேதீஸ்வரி கரை இறங்கும்போது எல்லாருக்கும் கையைக் காட்டி, "பெரிய உபகாரம்" என்றாள்.

அந்த மாதமே லைசன்ஸ் எடுத்தாள். றிவேர்ஸும் பழகினாள். டியூசனுக்குப் போகும் பிள்ளைகளின் தாய்மார் அவளைத்தான் கேட்டார்கள். பகலெல்லாம் ஓட்டோ அவள் கையில். மாலையில் கொஞ்ச நேரம் நல்லரத்தினத்துக்குக் கிடைத்தது. ஓட்டோத் தரிப்பிடத்தில் அவரைக் கண்டவர்கள், "அக்கா வரல்லையா?" என்று கேட்டுவிட்டு நடந்து போனார்கள்.

அடுத்த வருசம் புதுப்பிக்கும் நாள் வந்தது. அவர் வெள்ளைச் சட்டையைத் தேய்த்தார்.

"நீங்க இரிங்க. உங்கட வாகனமா அது?" என்று அவரை நிறுத்திவிட்டு, கேதீஸ்வரி அஸ்கரை வீட்டுக்குக் கூப்பிட்டாள். தேத்தண்ணி கொடுத்து, அவன் பிள்ளைகளின் சுகம் கேட்டு, ஒரு வருசமாக ஒரு கீறலும் விழாத ஓட்டோவைச் சுற்றிக் காட்டினாள். அவன் சொன்ன விலைக்கு ஒன்றும் சொல்லாமல் சும்மா இருந்தாள். அஸ்கர் இரண்டு தரம் தானாகக் குறைத்தான். போகும்போது மோட்டார் சைக்கிளில் இருந்த தன் சொந்தக் குடையையும் கொடுத்துவிட்டுப் போனான்.

விலை பேச அவளுக்குத் தானே பழக்கியதாக நல்லரத்தினம் தரிப்பிடத்தில் இன்றும் சொல்லுகிறார்.