முடிச்சின் தடம்

பெங்களூரு ஜோகுபாளையத்துப் பாஞ்சாலிக்கு அல்சூர் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் ஹவுஸ்கீப்பிங் வேலை. நோயாளிக்கு ஏற்றி முடித்த டிரிப்ஸ் குழாயைக் கத்திரியால் நறுக்கிச் சிவப்புப் பையில் போட வேண்டும் என்பது சட்டம். அங்கே சட்டத்தைவிடச் சூப்பர்வைசர் சுதீர் பெரியவன்.

"கட் பண்றது பேடா, வேணாம். முழுசா இருந்தாத்தான் பழைய சாமான் வாங்குற குஜிரிக்காரன் எடுத்துக்குவான்" என்றான்.

நறுக்காத குழாயிலிருந்து ரத்தமும் மருந்தும் ஒழுகிப் பையை நாறடிக்கும். அதனால் ஒவ்வொன்றின் நடுவிலும் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டுவிடுவாள். பழைய குழாய் எங்கே போகிறது என்று அவள் கேட்டதில்லை.

போன வருஷம் அவள் புருஷன் ராஜேந்திரன் சந்தாபுராவில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் காய்ச்சலில் விழுந்தான். சேதி கேட்டு ஓடியவள் கண்ணெதிரே பக்கத்துக் கிளினிக்கில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். குழாயின் நடுவே கசங்கிய தடம் ஒன்று தெரிந்தது.

"இது புதுசுதானே?" என்றான், ஊசியென்றாலே நடுங்குகிற மனுஷன்.

"கவர் பிரிச்சதப் பாத்தேன்யா. புதுசுதான்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சில மாதத்தில் மஞ்சள் காமாலை வந்து ஈரல் கெட்டு, ஆள் போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்து வேலைக்கு வந்தவள் கையில், போட்ட முடிச்சு ஒன்று அவிழ்ந்தது. ராஜேந்திரனுக்கு ஏற்றிய குழாயில் பார்த்த அதே இடத்தில் அதே தடம். கழுவி, கவர் மாற்றி, திரும்ப விற்றிருக்கிறார்கள் பாவிகள்.

தடத்தைக் காட்டிச் சுதீரிடம் சண்டைக்குப் போனாள்.

"காமாலை தண்ணியாலகூட வரும்மா. சும்னே கத்தாத" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அன்று முதல் எல்லாக் குழாயையும் துண்டு துண்டாக நறுக்கினாள். கத்திரி வைக்கும்போதெல்லாம் அவன் கழுத்தை நினைத்துக்கொள்வாள். அவன் நாசமாகப் போக அவள் வேண்டாத சாமியில்லை.

மழைக்காலத்தில் ஏதோ ஒரு சாமி காது கொடுத்தது. சுதீருக்கு டெங்கு. அதே நர்சிங் ஹோமில், அவள் துடைக்கும் வார்டிலேயே படுக்கை. நர்ஸ் குளோரியா சீல் உடையாத செட்டைப் பிரித்து மாட்டிவிட்டுப் போனாள். கவருக்குள் மடங்கிக் கிடந்த குழாயின் நடுவே ஒரு மடிப்பு. மாப்போடு நின்ற பாஞ்சாலி அதையே உற்றுப் பார்த்தாள்.

அவள் கண் போன இடத்துக்குச் சுதீரின் கண்ணும் போனது. முகம் வெளுத்துவிட்டது.

"பாஞ்சாலிம்மா... இது புதுசுதானே?"

புதுசுதான். அவளுக்கு நன்றாகவே தெரியும். கட்டிலருகே வந்து, ராஜேந்திரன் கையைப் பிடித்ததுபோலவே அவன் கையையும் பிடித்துக்கொண்டாள்.

"புதுசுதான் சார். எங்க வூட்டுக்காரரு கேட்டப்பவும் இதையேதான் சொன்னேன்."