ஐந்து வினைச்சொற்களும் ஓர் இறப்பர் முத்திரையும்

அரச ஊழியர் ஒருவர்மீது குற்றம் சாட்டும்போது, அவர் என்ன செய்தார் என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதவேண்டும் என்பது விதி. எனக்கு வந்த குற்றப்பத்திரத்திலோ ஒரே செயலுக்கு ஐந்து ஆங்கில வினைச்சொற்கள் வரிசையாக நின்றன: மொக், றிடிகியூல், டிறைட், ஸ்னியர், ஜியர். எல்லாமே கேலி செய்தலுக்கு உறவுச் சொற்கள். எங்கள் உதவிப் பணிப்பாளர் எதையும் தவறவிட விரும்பாத மனிதர். ஏதாவது ஒன்றில் நான் அகப்படுவேன் என்று வலையை அகலமாக வீசியிருந்தார்.

யுத்த காலம். நான் கொழும்புக் கோட்டையில் ஒரு திணைக்களத்தின் பிரதம எழுதுவினைஞர். வெள்ளவத்தையிலிருந்து நானும், கொட்டாஞ்சேனையிலிருந்து எங்கள் கிளையின் தட்டெழுத்தாளர் அம்மாவும் எவ்வளவு நேரத்தோடு புறப்பட்டாலும், சோதனைச் சாவடியில் எங்களைப் போன்ற தமிழர்களைப் பஸ்ஸை விட்டு இறக்கி அடையாள அட்டை பார்த்து முடிவதற்குள் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுந்துவிடும். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் லீவில் கழியும். சிங்கள நண்பர்கள் சிலர் கோடு போடும் பேனையை எங்களுக்காக ஒளித்து வைத்ததும் உண்டு.

புதிதாக வந்த உதவிப் பணிப்பாளர் இதற்கு ஒரு தீர்வு கண்டார். தாமதித்து வருபவர்கள் சாவடியில் நிற்கும் சிப்பாயிடம் அத்தாட்சி வாங்கி வரவேண்டும். அதாவது, துப்பாக்கி வைத்திருப்பவரிடம் போய், என்னைத் தாமதப்படுத்தியதாக எழுதித் தாருங்கள் என்று கேட்கவேண்டும்.

தட்டெழுத்தாளர் அம்மா என் மேசைக்கு வந்தார். “சேர், நான் போய்க் கேட்டா அவன் என்னைப் பற்றித்தான் எழுதுவான். அதுவும் பொலிசுக்கு.”

நான் உத்தரவு வந்த கோவையிலேயே, அந்தப் பைலிலேயே, குறிப்பு எழுதினேன். உத்தரவு பணிவுடன் கவனத்தில் எடுக்கப்பட்டது. சிப்பாய்களின் நேரத்தை மிச்சப்படுத்த, ‘தாமதம் நியாயமானது’ என்று மும்மொழியிலும் பொறித்த இறப்பர் முத்திரை ஒன்றைச் சாவடிதோறும் வழங்கலாம். அது திணைக்களச் சொத்து ஆகையால் சிப்பாய் பற்றுச்சீட்டில் கையொப்பமிட்டு ஏற்கவேண்டும். காவல் மாறும்போது அடுத்தவரிடம் முறைப்படி கையளிக்கவேண்டும். ஆண்டிறுதியில் நமது களஞ்சியப் பகுதி சாவடிகளுக்குப் போய் இருப்பைச் சரிபார்க்கவேண்டும். ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் உரிய அரச பிரமாணத்தின் விதி இலக்கத்தைக் காட்டியிருந்தேன்.

வாசிக்கும் எவரும் உத்தரவைச் சத்தமில்லாமல் மீளப்பெற்றுவிடுவார் என்பது என் கணிப்பு. ஆனால் பிரமாண இலக்கம் சரியாக இருந்தால் மேலே உள்ளவர் வசனத்தை வாசிப்பதில்லை என்பதும் எங்கள் அலுவலகங்களின் நீண்டநாள் வழக்கம். உதவிப் பணிப்பாளர் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். களஞ்சியப் பொறுப்பாளர் அந்தக் கையெழுத்தை நம்பி முத்திரை செய்வித்தார். சிற்றூழியர் ஒருவர் அதை வெள்ளவத்தைச் சாவடிக்குக் கொண்டுபோய்ப் பற்றுச்சீட்டை நீட்டினார். சிப்பாய் முத்திரையைத் தன் உள்ளங்கையில் குத்தி வாசித்துப் பார்த்து, “பிஸ்ஸுத மல்லி?” என்று கேட்டாராம். தம்பிக்குப் பைத்தியமா என்ற அந்தக் கேள்வி, அவருடைய மேலதிகாரி வழியாகத் தொலைபேசியில் எங்கள் பணிப்பாளருக்கு வந்து சேர்ந்தது. பணிப்பாளர் கோவையை வரவழைத்து வாசித்தார். அவர் சிரித்தது மாடிப்படி வரை கேட்டது. அத்தாட்சி உத்தரவு அன்றே இரத்தானது. அடுத்த கிழமை எனக்குக் குற்றப்பத்திரம் வந்தது.

எனது பதவி உயர்வுக்கான நேர்முகப் பரீட்சை அண்மித்திருந்தது. குற்றச்சாட்டு நிலுவையில் உள்ளவருக்கு உயர்வு கிடையாது. மனைவி பத்திரத்தை இருமுறை வாசித்தாள்.

“சும்மா பகிடிதானே விட்டனீங்கள். ஒரு மன்னிப்புக் குடுத்தா முடிஞ்சுது.”

“பகிடி எண்டால் மன்னிப்புக் கேட்டிருப்பன்,” என்றேன்.

விளக்கம் எழுத உட்கார்ந்தேன். ‘ஜியர்’ என்பதற்குக் கூக்குரல் வேண்டும், மைதானத்தில் கூட்டமாகச் செய்வது; என் குறிப்பு சத்தம் போடவில்லை. ‘ஸ்னியர்’ முகத்தில் நடப்பது, மேலுதடு ஒரு பக்கமாகச் சுழியவேண்டும். எழுதும்போது என் உதட்டைக் கண்ட சாட்சி யார்? ‘டிறைட்’ என்பதில், இது ஒன்றுக்கும் உதவாது என்று தள்ளிவிடும் வெறுப்பு இருக்கிறது. நானோ அவருடைய உத்தரவை அவரைவிடக் கவனமாக எடுத்துக்கொண்டேன். ‘றிடிகியூல்’ செய்ய மூன்றாம் ஆள் வேண்டும், அவர் சிரிக்கவும் வேண்டும்; எங்கள் இருவருக்குள் இருந்த விடயத்தை இராணுவம் வரை கொண்டுபோனது என் கையெழுத்தல்ல. ‘மொக்’ மட்டும் கொஞ்சம் கிட்ட வந்தது, ஏனென்றால் அதில் பாவனை செய்து காட்டுவது உண்டு. திணைக்களத்தின் நடையைப் பாவனை செய்ததை ஒப்புக்கொண்டேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நாமும் தமிழில் கேலி, நையாண்டி, ஏளனம், எள்ளல், இளக்காரம் என்று தரம் பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். இளக்காரம் மேலிருந்து கீழே விழுவது. எள்ளலுக்குக் கீழிருந்து மேலே ஏறவும் தெரியும். சாவடியில் வரிசையில் நின்றவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. முப்பது வருட சேவையில் அந்த விளக்கத்தைப்போல் இன்னொன்றை நான் எழுதவில்லை.

ஆனால் அது உதவிப் பணிப்பாளர் ஊடாகவே மேலே போகவேண்டும். அவர் அதைத் தன் மேசையிலேயே வைத்திருந்தார். நேர்முகப் பரீட்சை வந்து போனது. எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவர் எனக்கு மேலே போனார். நான் நினைவூட்டல்கள் அனுப்பினேன். தட்டெழுத்தாளர் அம்மா ஒவ்வொன்றையும் ஒரு பிழையில்லாமல் அடித்துத் தந்தார். ஒருநாள் உதவிப் பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, வருந்துகிறேன் என்று ஒரு வரி எழுதித் தந்தால் விடயத்தை முடிக்கலாம் என்றார்.

“எந்தச் சொல்லுக்காக, சேர்?” என்று கேட்டேன்.

கதவைத் திறந்துவிட்டார்.

அவர் மாற்றலாகிப் போனபின்தான் விளக்கம் அந்த மேசையை விட்டு நகர்ந்தது. வந்த பதில் சுருக்கமானது. ஐந்து சொற்களில் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. குற்றச்சாட்டு விலக்கிக்கொள்ளப்படுகிறது. பதவி உயர்வு உரிய திகதியிலிருந்து செல்லும். கடைசியில் ஒரு வரி: உத்தியோகக் குறிப்புகளில் ‘சார்கஸம்’ தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறீர். பணிவான சொல்லால் குத்துவதற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது.

யாரோ ஒருவர் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு, அவசரப்படாமல், என் குறிப்பை முதல் வசனத்திலிருந்து வாசித்திருக்கிறார். அந்த ஆறாவது சொல்லுக்கு நான் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. பதிலைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வைத்தேன். அன்று தைப்பொங்கலுக்கு முதல் நாள்.