ஒரு நட்டுக்காகக் கேட்ட துஆ

அன்பான சகோதரிகளே, அல்லாஹ்வின் சலாம் உங்கள் வீடுகளில் இறங்கட்டும். நான் சாய்ந்தமருதைச் சேர்ந்தவள். நோயாளியோடு தனியாக இருக்கும் யாராவது இதைக் கேட்டு ஆறுதல் அடையட்டும் என்றுதான் சொல்கிறேன்.

கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சற்று முன் என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. பஸ், லொறி திருத்தும் மெக்கானிக் அவர். வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போனது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முதலில் நிறையப் பேர் வந்து பார்த்தார்கள். பிறகு குறைந்தது. பிறகு நின்றுபோனது. யாரையும் குறை சொல்லவில்லை, அவரவருக்கு அவரவர் பாடு. ஆனால் வீட்டில் நான் மட்டுமே கதைத்துக்கொண்டிருந்தேன். "மச்சான், தலவாணிய மாத்தி வெக்கட்டா?" என்று கேட்பேன். பதில் வராது. நானே மாற்றி வைப்பேன். கொஞ்ச நாளில் கேட்பதையும் விட்டுவிட்டேன்.

நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்காகத் தலைப்பக்கம் உயரும் பழைய இரும்புக் கட்டில் ஒன்று வாங்கியிருந்தோம். மாரி மழை விடாமல் பெய்த ஒரு காலையில், தலைப்பக்கத்தைத் தாங்கும் இரும்புத் தண்டு உடைந்து கட்டில் தட்டையாகிவிட்டது.

தலையணைகளை அடுக்கிப் பார்த்தேன். சரிந்து விழுந்தார். இரண்டு வாய் கஞ்சி கொடுத்ததும் புரையேறி முகம் நீலம் பாரித்தது. புரட்டிப் போட்டு முதுகில் தட்டித்தான் மூச்சு வந்தது. அதன்பின் கரண்டியைத் தொடவே பயம்.

அடுத்த ஒழுங்கையில் வெல்டிங் கடை வைத்திருப்பவருக்குப் போன் எடுத்தேன். "ரோட்டெல்லாம் தண்ணி ராத்தா. மெஷினத் தூக்கிட்டு வர ஏலா. அந்தத் தண்டக் கழட்டிக் கொண்டாங்க, உடன ஒட்டித் தாறன்" என்றார். பக்கத்து வீட்டார் வெள்ளத்துக்குப் பயந்து உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மறுபக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது.

என் கணவருடைய சாமான் பெட்டியைத் திறந்து, போன் வெளிச்சத்தோடு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போனேன். தண்டைப் பிடித்திருந்த போல்ட் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே இருந்தது. கை நுழைவதே கஷ்டம். நட் துருவேறிப் போயிருந்தது. நான் போட்ட ஸ்பேனர் அளவு பெரிது போல. வழுக்கி வழுக்கி நட்டின் மூலையெல்லாம் மழுங்கிவிட்டது. குறடும் பிடிக்கவில்லை. விரல் தோல் உரிந்து இரத்தம் வந்தது.

மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு அஸர் தொழப் போனேன். ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்து அழுதேன். "யா அல்லாஹ், எனக்கு ஆருமில்ல. இந்த நட்டயாவது கழட்டித் தா" என்று கேட்டேன். அதைவிடப் பெரிதாகக் கேட்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

திரும்பி வந்து, மழுங்கிய நட்டின் இரண்டு பக்கத்தையும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாக்கினேன். இப்போது குறடு பிடித்தது. இடப்பக்கம் திருகினேன். கிறீச்சென்றது, அசையவில்லை. மறுபடி திருகினேன். மேலேயிருந்து ஏதோ சத்தம். இருமுகிறார் என்று நினைத்தேன்.

"இறு...க்கு."

கை அப்படியே நின்றது. "என்ன மச்சான்? என்ன செல்றீங்க?"

"இறுக்கு."

கழற்ற வேண்டியதை ஏன் இறுக்கச் சொல்கிறார் என்று விளங்கவில்லை. ஆனாலும் வலப்பக்கம் ஒரு அழுத்து அழுத்தினேன். டக்கென்று துரு விட்டது. பிறகு இடப்பக்கம் திருப்ப, நட் சுற்றிக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் விழுந்தது.

நான் எழும்பவில்லை. வெறும் சீமெந்துத் தரையில் கிடந்து சத்தமில்லாமல் அழுதேன். என் சத்தம் கேட்காததால் அவர் பயந்திருக்க வேண்டும். மேலேயிருந்து மெதுவாகக் கூப்பிட்டார்.

"புள்ள."

கலியாணம் முடித்த நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அந்த வீட்டில் என்னைத் தேட ஒரு ஆள் இருந்தார். "இரிக்கன் மச்சான், இஞ்சதான் இரிக்கன்" என்றேன்.

அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்த் தண்டை ஒட்டுவித்துக் கொண்டுவந்து மாட்டினேன். அன்று மஃரிபுக்குப் பிறகு அவர் நிமிர்ந்திருந்து கஞ்சி குடித்தார். அல்ஹம்துலில்லாஹ்.

பாரிசவாதத்தில் பேச்சு சிலநேரம் இப்படித் திடீரென்று திரும்பும் என்று டொக்டர் பிறகு விளக்கினார். இருக்கலாம். அந்த நேரத்தில் திருப்பித் தந்தவன் யாரென்று எனக்குத் தெரியும். நான் ஒரு நட்டைத்தான் கேட்டேன்.

இப்போதும் அவர் அதிகம் கதைப்பதில்லை. நான் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகிவிட்டேன். பாதிச் சொல்லாவது வரும். சகோதரிகளே, உங்கள் தேவை சின்னது என்று வெட்கப்பட்டு அவனிடம் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். வேலையைச் செய்துகொண்டே கேளுங்கள். என் கணவருக்காகவும் துஆச் செய்யுங்கள்.