ஊசியக்காவும் சொதப்பல் அட்டவணையும்

ஊசியக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது தரையைத் தொட்டது.

"இன்னொரு தடவை படி," என்றாள் தம்பியிடம்.

தம்பி அட்டையைப் பார்த்து வாசித்தான். "அறுபத்தி மூணு. வீசின வாள் திரும்பி உன் இடது கையிலேயே இறங்குது. மணிக்கட்டோட போச்சு. நிரந்தரம்."

சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "ஊருக்கெல்லாம் ஊசி குத்தறவங்க, தன் கையையே வெட்டிக்கிட்டாங்களே!"

ஊசியக்கா சிரிக்கவில்லை.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. பதினான்கு வருடமாக ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறாள். தட்டினாலும் தடவினாலும் நரம்பு அகப்படாத கைகள் அவளிடம்தான் வரும். ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டும் குழந்தைகளும் அவளிடம்தான் வருவார்கள். "இன்னும் கல்யாணம் பண்ணிக்கலையா?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்லாமல் அவர்கள் முழங்கையை மடக்கி நரம்பைத் தடவிப் பார்ப்பாள். கேட்டவர் கையை உருவிக்கொண்டு போய்விடுவார்.

வாரம் ஆறு நாள் ஊசி. ஏழாம் நாள் வாள். கணக்கு வாத்தியாரான தம்பி மேசையாட்டம் ஒன்றைக் கதை சொல்லி நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போவார்கள். தம்பி மனைவி மந்திரக்காரி. கண்ணாடிக்கடைக்காரர் வைத்தியர். ஊசியக்கா இரட்டை வாள்காரி. யாரையாவது தாக்கினால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழும் எண்தான் விதி. மூன்று வருடமாக வளர்த்து, வாள்காரியை ஒரு சுற்றில் நான்கு முறை வீசுகிறவளாக ஆக்கியிருந்தாள். அது ஒன்றும் வரமாக வந்ததில்லை. ஒவ்வொரு படியும் உழைத்து ஏறியது.

போன மாதம்தான் தம்பி இரண்டு அட்டவணைகளை எழுதிக்கொண்டு வந்தான். இருபது விழுந்தால் அசத்தல் அட்டவணை: எதிரியின் கண் போகும், கால் ஒடியும். ஒன்று விழுந்தால் சொதப்பல் அட்டவணை: உனக்கே அது நடக்கும். நூறு நூறு வரிகள், எந்த வரி என்பதற்கு இன்னொரு உருட்டு, அழகான கையெழுத்து. முதல் வாரம் அவளும் கைதட்டினாள். அடுத்த வாரம் வாள்காரிக்குக் கால் சுளுக்கியது. அதற்கடுத்த வாரம் ஒரு காது போனது. இப்போது கை.

"இந்த ஒரு மாசத்துல சொதப்பல் யாருக்கெல்லாம் விழுந்துச்சு, சொல்லு," என்றாள்.

தம்பி யோசித்தான். "உனக்கு."

"வேற?"

"உனக்குத்தான்."

"உன் பொண்டாட்டிக்கு?"

"அவ மந்திரம் போட்டா எதிரிதான் உருட்டணும், அக்கா. அவ உருட்டறதே இல்ல."

"அப்ப உருட்டறவ நான் ஒருத்தி. அதுவும் சுத்துக்கு நாலு தடவை. நேத்து வாளைப் பிடிச்ச கத்துக்குட்டி ஒரு தடவை வீசுவான். அவனை விட நாலு மடங்கு நான் சொதப்புவேன். கத்துக்கக் கத்துக்கக் கை போகும்னு எழுதி வச்சிருக்கே. நீ கணக்கு வாத்தியார்னு வெளியில சொல்லிக்காதே."

"இருபதும் உனக்குத்தானே அதிகமா விழுது?"

"விழுந்தா என்ன? ராட்சசனுக்குக் கண்ணு போகும். அவன் எப்படியும் இன்னிக்குச் சாகப் போறவன். அடுத்த வாரம் புது ராட்சசனை, ரெண்டு கண்ணோட கூட்டிட்டு வருவே. என் கையை எங்கேருந்து கூட்டிட்டு வருவே?"

காய்த்த மரம்தான் கல்லடி படும் என்றார் கண்ணாடிக்கடைக்காரர், சமாதானமாக.

"அப்படிச் சொல்லிச் சொல்லியே எல்லாரும் கல்லை எடுக்கறாங்க," என்றாள். அவர் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டார்.

தம்பி இறங்கி வந்தான். "சரிக்கா, உனக்காக விட்டுடறேன். கை போகலன்னு வச்சுக்கோ."

அதுதான் அவளைச் சுட்டது. வேலை செய்யும் இடத்தில் ஒரு பலகை உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டாம் தடவை ஊசி குத்த நேர்ந்தால், குத்தியவர் பேருக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி. மூன்று மாதம் தொடர்ந்து புள்ளியில் முதலிடம் வந்தால், ஊசியை வைத்துவிட்டு டோக்கன் கொடுக்கப் போக வேண்டும். இரண்டு மாதம் அவள்தான் முதலிடம். மூன்றாவதான இந்த மாதமும் அவளே முந்தவும், மேலாளர் கூப்பிட்டு, "உங்களுக்காக ரெண்டு புள்ளியை அழிச்சுடறேன்மா" என்றார். அவள் "நன்றி சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"எனக்காக ஒண்ணும் விடாதே," என்றாள் தம்பியிடம். "கை போச்சுன்னா போச்சு. ஆட்டத்தை நடத்து."

வாள்காரியின் விவரம் எழுதிய தன் தாளில் 'இடது கை இல்லை' என்று எழுதினாள். இனி சுற்றுக்கு இரண்டு வீச்சுதான். அதிலும் ஒன்றைத்தான் வீசினாள். "போதும்," என்றாள்.

"இன்னொண்ணு இருக்கே, அண்ணி!" என்றாள் தம்பி மனைவி.

"வீசினா ஒண்ணு விழும். எனக்கு எதுக்கு வம்பு?"

ராட்சசன் சாகவில்லை. அடுத்த சுற்றிலும் சாகவில்லை. மூன்றாம் சுற்றில் அவளைத் தாண்டிப் போய் மந்திரக்காரியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். வைத்தியரிடம் மருந்து தீர்ந்திருந்தது. மந்திரக்காரி போய்ச் சேர்ந்தாள்.

தம்பி மனைவி தன் தாளைக் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கும் அது மூன்று வருடம். அவள் நாத்தனாரிடம் திரும்பவில்லை, புருஷனிடம் திரும்பினாள். "அவங்க வீசினா கை போகும், வீசலைன்னா நான் போவேன். இதை உக்காந்து அழகா வேற எழுதியிருக்கீங்க!"

தம்பி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு பென்சிலை எடுத்தான். "சுத்துல முதல் வீச்சுக்கு மட்டும்தான் சொதப்பல். அதுவும் ரெண்டாவது தடவை உருட்டி, மறுபடி தவறினாத்தான். ஆள் தேறத் தேற அந்த ரெண்டாவது உருட்டு சுலபமாகும். நிரந்தரமா எதுவும் போகாது."

"எனக்கா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"அட்டையில எழுது."

எழுதினான். அவள் கோபம் அதற்காகத் தணிந்துவிடவில்லை. மந்திரக்காரி செத்தது செத்ததுதான்; தன் ஒற்றைக் கையும் அப்படியே இருக்கட்டும் என்றாள்.

திங்கட்கிழமை அரைமணி முன்னதாக வேலைக்குப் போனாள். பதிவேட்டைப் பிரித்துவைத்து, அந்த மாதம் யார் எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்தார்கள் என்று எண்ணினாள். மேலாளர் வந்தபோது பலகையில் புதிதாக ஒரு கட்டம் இருந்தது. அவள் பேருக்கு நேரே ஆயிரத்து எழுநூறு பேர், பதினொரு புள்ளி. அழிக்கப்பட்ட இரண்டையும் அவளே திரும்ப வைத்திருந்தாள். பக்கத்துப் பேருக்கு நேரே அறுநூறு பேர், பத்துப் புள்ளி.

"யாரைக் கேட்டு இதை எழுதினீங்க?" என்றார்.

"யாரையும் கேக்கல சார்."

"அழிங்க."

"கணக்கு தப்புன்னா அழிக்கறேன். எண்ணிப் பாருங்க."

பதிவேட்டை அவர் கையில் கொடுத்தாள். வெளியே ஒரு குழந்தை அலறத் தொடங்கியிருந்தது. வழக்கம்போல அவளைத்தான் கூப்பிட்டார்கள். உடனே போகவில்லை. அவர் முதல் பக்கத்தைப் புரட்டும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.