ரொட்டியோடு மூன்று கரண்டி கினோவா

இலங்கையில், தெஹியோவிட்டத் தோட்டமொன்றில் ரப்பர் பால் வெட்டும் பிரேமலதாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் தனுஜா கினோவா என்ற வெளிநாட்டுத் தானியம் ஒரு கிலோ அனுப்பியிருந்தாள். "எங்க மேடம் இதத்தான் சாப்பிடுறாங்க. நல்லா கழுவி அவிச்சுச் சாப்பிடுங்கம்மா, சீனி கொறையும்."

பிரேமலதா அதை மருந்தாகவே மதித்தாள். விடியுமுன் எழும்பி, கசப்புப் போகக் கழுவி, தேங்காய்ப்பூ போட்டு அவித்து, மூன்று கரண்டி விழுங்குவாள். பிறகு வழக்கம்போல இரண்டு கோதுமை ரொட்டியையும் தின்றுவிட்டு மலையேறுவாள்.

ஒரு மாதம் கழித்து கிளினிக்கில் பார்த்தால், சீனி முன்னைவிட ஏறியிருந்தது.

"ரொட்டியோட சேர்த்துத் தின்னா எப்படிக் கொறையும்? ரொட்டிக்குப் பதிலா சாப்பிடணும்," என்றார் நர்ஸ்.

"மூணு கரண்டியத் தின்னுட்டு முந்நூறு மரத்துல பால் வெட்டிப் பாருங்க மிஸ், அப்பத் தெரியும்!"

நர்ஸ் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

அன்று பொழுதுசாய தனுஜா குவைத்திலிருந்து போன் எடுத்தாள். "சீனி கொறஞ்சிச்சாம்மா? மேடம்கிட்டச் சொல்லணும்."

பையில் ஒரு பிடி கினோவாதான் மிச்சம் இருந்தது.

"கொறஞ்சிருச்சுடி," என்றாள் பிரேமலதா. போனைப் பிடித்திருந்த விரலெல்லாம் ரொட்டி மாவு.