வளவுக்கு ஒரு குசினி

என் தங்கைக்குக் கலியாணம் பேசி முடித்த பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது. ஒரு வருடம் முந்தி வந்திருந்தால் நாங்கள் அவளுடைய வீட்டுக்கு அத்திவாரமே வெட்டியிருக்க மாட்டோம். ஒரு வருடம் பிந்தி வந்திருந்தால் பழைய வீடென்று விட்டிருப்பார்கள். இதை எத்தனை தரம் நினைத்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அது வெள்ளைக்காரன் காலம். மன்னார்ப் பட்டினத்தில் அதற்கு முன்பும் கட்டடச் சட்டம் இருந்ததுதான். கடைத்தெருவில் ஓலை வேயக்கூடாது, தெருவுக்குள் படிக்கட்டு நீட்டக்கூடாது என்ற அளவில் அது நின்றது. வளவுக்குள், வேலிக்கு உள்ளே நாங்கள் என்ன கட்டுகிறோம், எங்கே கழுவி ஊற்றுகிறோம் என்று எவரும் கேட்டதில்லை. ஒரு மாரி மழையில் பட்டினமெங்கும் வயிற்றோட்டம் பரவி, எங்கள் பகுதி உப்புக்குளத்திலும் ஆட்கள் மௌத்தானார்கள். அதற்குப் பிறகு சுகாதார போட் என்ற சபை பழைய சட்டத்தைத் திருத்தி எழுதி, அச்சடித்த தாளாக வீடு வீடாகக் கொடுத்தது.

வாப்பாவுக்கு அரபு எழுத்து ஓடும். தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுத்தான் வாசிப்பார். நான் நாலாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவள் என்றாலும் வாசிக்க விருப்பமுள்ளவள். தாளை என்னிடம்தான் தந்தார். நான் உரத்து வாசிக்க வாசிக்க, உம்மா அரிசி கொழிப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா.

கிணற்றுக்குக் கட்டு வேண்டும், கட்டைச் சுற்றிச் சீமெந்துத் தளம் வேண்டும். குசினியில் சமைத்துக் கழுவுகிற தண்ணீர் வளவில் தேங்காமல் வாய்க்கால் வெட்டி வெளியே விட வேண்டும். புதிதாகக் கட்டுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஒரு வாளிக் கக்கூசு வேண்டும். அந்தக் கக்கூசு, தன் வளவுக் கிணற்றுக்கும் அடுத்த வளவுக் கிணற்றுக்கும் ஐம்பது அடி தள்ளி இருக்க வேண்டும். கடைசியில், எதை ஒரு வீடென்று கொள்வது என்றும் எழுதியிருந்தார்கள். தனிக் குசினி உள்ளது தனி வீடு.

"அவ்வளவுதானே?" என்றார் வாப்பா.

நான் கடைசி வரியைத் திரும்ப ஒரு தரம் வாசித்தேன். எதுவும் நடக்கிறதுக்கு முன்னமே எனக்குப் பயம் வந்துவிடும். அதனால் நான் பயப்படுகிறேன் என்று சொன்னால் எங்கள் வீட்டில் ஒருவரும் காது கொடுப்பதில்லை.

எங்கள் ஆட்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில் இருப்பார். மூத்தவள் எனக்கு உம்மாவின் பழைய வீடு சீதனமாக வந்தது, நானும் என் புருஷனும் அதில் இருந்தோம். உம்மாவும் வாப்பாவும் தெருப்பக்கத்து அறைக்கு ஒதுங்கி, என் அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். தங்கைக்கு அதே வளவில், கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு. அதில்தான் சுவர் இடுப்பளவுக்கு எழும்பி நின்றது.

அடுத்த நாள் வாப்பா ஒரு கயிற்றில் ஐம்பது அடிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு கிணற்றடியில் நின்றார். ஒரு நுனியை நான் பிடித்தேன். மறு நுனியோடு அவர் வளவின் மூலைமூலையாகப் போனார். எங்கள் கிணற்றுக்கு விலகினால் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு நெருங்கியது. அதற்கு விலகினால் இதற்கு நெருங்கியது. பழைய வீட்டின் கக்கூசு நிற்கிற மூலை ஒன்றுதான் இரண்டுக்கும் தப்பியது. அங்கே இன்னொன்றுக்கு இடமில்லை.

கிணற்றை மூடுவதைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. மன்னார்த் தீவில் கிணறு வெட்டுகிறவர்களுக்கெல்லாம் நல்ல தண்ணீர் கிடைத்துவிடாது. எங்கள் வளவிலேயே முன்பு ஒன்று வெட்டி, உப்பு என்று தூர்த்திருந்தார்கள்.

வீடு கட்டுகிற மேசன் ஒரு வழி சொன்னான். "குசினியைப் பிளானில கீறாதேங்கோ. பழைய வீட்டுக்கெண்டு வளவுக்குள்ள மூண்டு அறை கூட்டிக் கட்டுறன் எண்டு குடுங்கோ. அறைக்குக் கக்கூசு கேக்கமாட்டாங்கள். கட்டி முடிச்சாப்பிறகு அடுப்பை வையுங்கோ. அடுப்பு என்ன, மூண்டு கல்லுத்தானே?"

வாப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. பிளான் போட்டின் கந்தோரில் கொடுபட்டது, அதிகாரியின் கையெழுத்தோடு வந்தது. சுவர் எழும்பி ஓடும் போட்டாயிற்று. நான் மட்டும் அந்தத் தாளின் கடைசி வரியை எடுத்து எடுத்து வாசித்துக்கொண்டிருந்தேன்.

"ராத்தா, அதைப் பாடமாக்கி என்ன செய்யப்போறியள்? பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போறியளோ?" என்று தங்கை சிரித்தாள். அவளுக்கு அப்போது எல்லாவற்றுக்கும் சிரிப்பு வந்தது.

சிரிப்பை நிறுத்தியது மாப்பிள்ளையின் உம்மா. முசலிப் பக்கத்தில் இருந்து வீடு பார்க்க வந்த மாமி, நல்ல உயரம், நல்ல குரல். முன்னறையைப் பார்த்தா, படுக்கையறையைப் பார்த்தா, பின்னறையின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தா.

"குசினி எங்க?"

"வரும் மச்சி, வரும்" என்றா உம்மா.

"எப்ப வரும்? பேரப்பிள்ளைக்குப் பல்லு முளைச்சாப்பிறகோ?"

"போட் கந்தோரில ஒரு சின்னச் சிக்கல்..."

"கந்தோருக்கோ நான் மாப்பிள்ளை குடுக்கிறன்? அடுப்பில்லாததை வீடெண்டு நான் ஆருக்குச் சொல்ல? இது சாமான் வைக்கிற அறை. என்ர மகன் என்ன, சாமானோ?"

வெற்றிலையைத் தொடாமல் எழும்பிப் போனா.

உம்மா அந்தக் கிழமையே களிமண் குழைத்துப் பின்னறையில் அடுப்புப் போட்டா. மூன்று கல்லோடு நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு சின்ன அடுப்பும் வைத்து, சாம்பல் அள்ளக் குழியும் விட்டு, வடிவாக மெழுகினா. மாமியைத் திரும்பக் கூப்பிட்டுப் பால் காய்ச்சினார்கள். பால் பொங்கி வழிந்தபோது மாமி முகம் மலர்ந்து, "இப்பதான் வீடு" என்றா. பச்சை அடுப்பும் ஈரவிறகும் புகைந்த புகையில் எல்லாருக்கும் கண் கரித்தது. நான் புகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது புது ஓட்டில் போய்ப் படிந்து நின்றது.

போட்டின் இன்ஸ்பெக்டர் கட்டி முடிந்த வேலையைப் பார்க்க வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. குடியிருக்கலாம் என்று அவர் எழுதித் தர வேண்டும். அவர் வேலிப் படலையில் நிற்கும்போதே உம்மா ஓடிப்போய் அடுப்பின் மேல் பாய்களை அடுக்கிவிட்டா. நாங்கள் பெண்கள் பழைய வீட்டுக் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றோம்.

அவர் யாழ்ப்பாணத்து ஆள், மெலிந்தவர், மரியாதையான பேச்சு. கிணற்றுக்கட்டைக் கையால் தட்டிப் பார்த்தார். வாய்க்காலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லி, ஓடுகிறதா என்று பார்த்தார். பிறகு பின்னறைக்குள் போனார்.

"இது என்ன அறை?"

"பாய் வைக்கிற அறை ஐயா" என்றார் வாப்பா.

இன்ஸ்பெக்டர் பாயைப் பார்க்கவில்லை. அண்ணாந்து புகை படிந்த ஓட்டைப் பார்த்தார். "உங்கட பாய் சுருட்டுப் பிடிக்குமோ?"

வாப்பா குனிந்து ஒரு பாயின் நுனியை நேராக்கினார். இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, போட்டிருந்த கதிரையில் உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் என்று சொல்ல முடியாது. களைத்திருந்தார்.

"நான் உங்களைப் பிழைபிடிக்க வரேல்லை. போன மாரி இந்த ஒழுங்கையில பிரேதம் தூக்கேக்க நானும் வந்து நிண்டனான். இந்தக் கிணத்தில அள்ளிக் குடிக்கப் போறது உங்கட ரெண்டு பிள்ளையளும் அதுகளின்ர பிள்ளையளும்தான். ரெண்டு குசினியெண்டா ரெண்டு வீடு. ரெண்டாவது கக்கூசுக்கு இடத்தைக் காட்டுங்கோ, இப்பவே கையெழுத்து வைக்கிறன்."

"இடமில்லை ஐயா."

"அப்ப வளவுக்கு ஒரு குசினிதான். அது எந்தப் பக்கத்தில இருக்க வேணுமெண்டு சட்டத்தில இல்லை. ஒண்டை உடைச்சுப்போட்டுச் சொல்லி அனுப்புங்கோ. இல்லாட்டி இந்தப் பக்கத்தை உடைக்கச் சொல்லித்தான் நான் எழுத வேண்டி வரும்."

அவர் எழும்பிப் படலையால் போனார். உம்மா என்னைப் பார்த்தா, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டா. வாப்பா கிணற்றுக்கட்டில் போய் இருந்தார். ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.

"எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் ராத்தா" என்று தங்கை அழத் தொடங்கினாள்.

"என்ரயை உடையுங்கோ" என்றேன்.

நல்ல மனதில் சொன்னதாக எல்லாரும் நினைத்தார்கள். பயத்தில் சொன்னேன். கலியாணம் குழம்பினால், மூத்தவள் ஒரு அடுப்பை விட்டுக்கொடுக்காததால்தான் என்று பட்டினம் பேசும். அந்தப் பேச்சு என் காதில் அப்போதே கேட்டது.

என் புருஷன் கீரிக் கரையில் கருவாடு வாங்கிக் கொழும்புக்கு ரயிலில் அனுப்புகிறவர். அன்று வெயிலோடு வந்து, கால் கழுவ முன்னமே எல்லாம் கேட்டுவிட்டார்.

"அப்ப எனக்குச் சோறு எங்க?"

"அங்க ஆக்கி இஞ்ச கொண்டு வாறன்."

"ஆற்ற அடுப்பில?"

"தங்கச்சிர..."

"நான் மூத்த மருமகன். நாளைக்கு வாற சகலன்ர அடுப்பில வேகிற சோறு எனக்கு வேணுமோ? பந்தியில என்னைப் பார்த்துக் கேக்கமாட்டாங்களோ, மச்சான் இப்ப ஆற்ற வீட்டுப் பிச்சையெண்டு?"

"சாமானெல்லாம் எங்கடதானே. அடுப்பு மட்டும்தானே..."

"அடுப்பு மட்டும்தானோ? அப்ப என்னத்துக்கு அந்த மனுசி அடுப்பைப் பார்த்துப்போட்டு மாப்பிள்ளை தந்தவ?"

நான் கால் கழுவத் தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். அவர் சாரத்தையும் சட்டையையும் சுருட்டிக்கொண்டு எருக்கலம்பிட்டிக்கு, தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். "வீடு வீடாகட்டும், வாறன்" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

மேசன் வந்து என் அடுப்பை உடைத்தான். கழிவுத் தண்ணீர் போகிற ஓட்டையைச் சீமெந்தால் அடைத்தான். ஓட்டில் இருந்த புகைக்கூட்டையும் கழற்றினான். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்து வைத்தார். போகும்போது சீலைப்பக்கம் திரும்பி, "பிள்ளை, புது அடுப்புக்குக் காய்ஞ்ச விறகு வையுங்கோ" என்றார்.

கலியாணம் நடந்தது. என் புருஷனும் வந்தார். விருந்தாளி போல முன்பந்தியில் இருந்து சாப்பிட்டு, வாப்பாவுக்குக் கை கொடுத்து, எருக்கலம்பிட்டிக்குத் திரும்பிப் போனார். என்னோடு பேசியது, "சுகமோ?" என்ற ஒரு சொல்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் ஒருவரும் யோசிக்காத ஒன்று தெரிய வந்தது. எங்கள் பெண்கள் தங்கையின் புருஷனுக்கு முகம் காட்டுவதில்லை. குசினியோ அவருடைய வீட்டின் பின்னறை. முன்னறை வழியாகப் போனால்தான் அதற்குள் நுழையலாம். அவர் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் என் சோற்றுப்பானை என் வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கும். கடைத்தெருவில் அவருக்கு ஒரு புடவைக்கடை. எப்போது போவார், எப்போது வருவார் என்று அவருக்கே நிச்சயமில்லை.

குசினிச் சுவரில் என் பக்கமாக ஒரு கதவு வெட்டலாமா என்று வாப்பா போட்டில் கேட்டார். புதுச் சட்டப்படி குசினி வாசல் கக்கூசுக்கு நேரே வரக்கூடாதாம். என் பக்கம் திறந்தால் நேரே அதுதான். வாப்பா அதோடு பேச்சை விட்டுவிட்டார். நான் ஒரு கிழமை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தங்கை தன் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் வந்து, "ராத்தா, அவர் இனி இருமிப்போட்டுத்தான் உள்ளுக்கு வருவார், நீங்க பயப்படாதேங்கோ" என்றாள். நல்ல மனுசன். சொன்னபடியே படலையில் இருந்து இருமிக்கொண்டு வருவார். ஆனால் இருமல் கேட்டதும் நான் அகப்பையைப் போட்டுவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு முன்னறையால் கிணற்றடிக்கு ஓடவேண்டும். உலையில் எது கொதித்தாலும் அது அங்கேதான்.

என் புருஷன் திரும்பி வந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. எவரும் போய்க் கூப்பிடவில்லை. ஜும்ஆவுக்குப் பட்டினத்துப் பள்ளிக்கு வந்தவர், தொழுகை முடிந்து நேரே வீட்டுக்கு வந்து, கொண்டு வந்த துணிமூட்டையை மூலையில் வைத்தார். அவருடைய உம்மா வீட்டில் என்ன நடந்ததோ, நானும் கேட்கவில்லை.  தங்கையின் குசினிக்குப் போய்ச் சோற்றுக்கு உலை வைத்தேன். மீனும் வாங்கியிருந்தது. சோறு வெந்து வருகிற நேரம் படலையில் இருமல் கேட்டது.

கிணற்றடியில் நின்றேன். தங்கையின் புருஷன் போவார் போவார் என்று பார்த்தேன். உள்ளே அலுமாரி திறக்கிற சத்தம், பிறகு தங்கையிடம் எதையோ கேட்கிற சத்தம். உம்மா வெளியே போயிருந்தா, தங்கைக்கு மசக்கை. எழும்பிப் போய்ப் பானையை இறக்க அவளுக்கு வாசனை ஒத்துக்கொள்ளாது. கருகுகிற மணம் கிணற்றடிக்கு வந்தது, அங்கிருந்து என் வீட்டுக்கும் போயிருக்கும். அவர் கடைக்குத் திரும்பிப் போன பிறகு உள்ளே ஓடினேன். அடிச்சோறு கரி. மேலே இருந்ததை வழித்து எடுத்தேன், அதுவும் தீய்ந்த மணம்.

சோற்றுக் கோப்பையைக் கொண்டுபோய் என் புருஷன் முன்னால் வைத்தேன். எழும்பி மூட்டையைத் தூக்கிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் ஒரு பிடி வாயில் வைத்தார். இன்னொரு பிடி வைத்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"அவன் எப்ப கடைக்குப் போறவன்?"

"ஒரு நாளைக்கு ஒரு மாதிரி. சில நாள் ரெண்டு மணியாகும்."

"அவன் போனாப்பிறகு ஆக்கு. நான் பிந்திச் சாப்பிடுறன்."

கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். நான் வெறுங்கோப்பையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கழுவி முடிக்க முன்னமே, பசி பொறுக்காத மனுசன், பிந்திச் சாப்பிட்டால் இவருக்கு நெஞ்செரியுமே என்ற யோசனை எனக்குத் தொடங்கிவிட்டது.